தவளைக்குச் சூடான செங்கல் வீடு

தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை, தவளையின் தோலில்தான் குடியேறும். நீரையும் உப்புகளையும் தவளை தோல் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. தோல் பழுதானால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடும். ஆனால் 17 முதல் 25 டிகிரி செல்சியஸில் செழிக்கும் இந்தப் பூஞ்சை, 30 டிகிரியை நெருங்கினால் தளர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பச்சை-பொன் மணித்தவளைகள் குளிர்காலத்தில் அதிகம் மடிவது அதனால்தான்.

சிட்னி மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட தீர்வு எவ்வளவு எளிது பாருங்கள்! துளையுள்ள செங்கற்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, அடுக்கி, சின்னப் பசுமைக்குடிலால் மூட வேண்டும். தவளைகள் தாமாகவே துளைகளுக்குள் புகுந்து சூடேறி, தொற்றிலிருந்து மீள்கின்றன. அப்படி மீண்டவை, பிறகு குளிரில் பூஞ்சை தாக்கினாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. எனக்கு இதுதான் பெரிய செய்தி.

இடம்தான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கில் மரமோ சுவரோ மறைத்தால் செங்கல் சூடேறாது. வெப்பம் மிஞ்சினால் வெளியேற வழியும், பக்கத்திலேயே ஈரமும் வேண்டும்.

குளிருக்குப் பழகிய மலைத்தவளைகளுக்கு இது உதவாது. அப்படிப்பட்ட ஆஸ்திரேலிய மலைத்தவளையான கொரோபோரித் தவளையை விலங்குக் காட்சியகங்களில் வளர்த்துத்தான் காட்டில் விடுகிறார்கள்.