450-க்கும் 450.50-க்கும் இடையில்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் கமக்கார ஐயா ஒருவரின் கைபேசியில்தான் காய்கறி விலைகளைக் காட்டும் என் செயலி முதன்முதலாக உலாவிக்கு வெளியே ஓடியது. சின்ன வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று அன்றைய விலைகள் வரிசையாக விரிந்திருக்க வேண்டும். வட்டம் மட்டும் சுழன்றது. "தம்பி, இது ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது?" என்று கேட்டார். பதில் தெரியாமல் வீடு திரும்பினேன்.

செயலியை ஃபிளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில், டார்ட் என்ற நிரல்மொழியில் எழுதியிருந்தேன். விலைகள் ஓர் இணையச் சேவையிலிருந்து ஜேசனாக, அதாவது சாவிச்சொல்லும் மதிப்புமாக எழுதிய உரையாக, வரும். அதைத் திரைக்குத் திரை சாவிச்சொல்லால் துழாவாமல், 'விலை' என்றொரு வகுப்பு எழுதி, பெயருக்கு ஸ்ட்ரிங் (எழுத்துத்தொடர்), தொகைக்கு டபிள் (புள்ளி எண்), நேரத்துக்கு டேட்டைம் என்று வகைகளைக் கட்டியிருந்தேன். அப்படிக் கட்டிவிட்டால் எழுத்துப்பிழையைக்கூட, நிரலை ஓடுமுன் மொழிபெயர்க்கும் தொகுப்பான் பிடித்துவிடும்; பெரிய நிம்மதி. ஆனால் ஜேசனைப் பொருளாக மாற்றும் அந்தச் சில வரிகளுக்குள் தொகுப்பானின் கண் எட்டாது. உள்ளே வருவது என்னவென்பது ஓடும்போதுதான் தெரியும்.

இரவு கைபேசியைக் கம்பியில் மாட்டி ஓட்டியதும் பிழை கண்ணில் பட்டது: இன்ட் (முழு எண்) என்பது டபிளின் துணைவகை அல்ல. சேவை ஐம்பது சதம் சேர்ந்த விலையை 450.5 என்றும், முழு ரூபாயை வெறும் 450 என்றும் அனுப்புகிறது. ஜேசனுக்கு இரண்டும் எண்தான். டார்ட்டோ புள்ளி இல்லாததை இன்ட் என்றும், புள்ளி உள்ளதை டபிள் என்றும் படிக்கிறது. நான் எழுதியிருந்த 'ஆஸ் டபிள்' எதையும் மாற்றுவதில்லை. 'இது டபிள்தான்' என்று அடித்துச் சொல்கிறது, அவ்வளவே. முதல் 450 வந்ததும் பட்டியல் முழுவதும் விழுந்துவிட்டது.

அதுவரை ஏன் தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கணினிக்குள் கைபேசியைப் போல நடிக்கும் எமுலேட்டரைத் திறந்தால் என் மடிக்கணினி திணறும். அதனால் குரோம் உலாவியில் மட்டுமே சோதித்து வந்தேன். அங்கே டார்ட், உலாவியின் மொழியான ஜாவாஸ்கிரிப்டாக மாறி ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் 450-உம் 450.5-உம் ஒரே வகை எண்; அதனால் 450 டபிளாகவும் தேறிவிடுகிறது.

விலையை 'நம்' (num) என்ற, இன்டுக்கும் டபிளுக்குமான பொதுவகையாக வாங்கி டபிளாக மாற்றினேன், ஒரு வரி. பிறகு இந்த வரிகளைக் கையால் எழுதுவதையே விட்டு, ஜேசன் சீரியலைசபிள் தொகுதியிடம் ஒப்படைத்தேன். டபிள் புலத்துக்கு அது தானாகவே இப்படித்தான் எழுதித் தருகிறது.

இலக்கத்தில் எழுதப்படுவதெல்லாம் எண் அல்ல என்பதையும் அப்போதே கவனித்தேன். யாழ்ப்பாணத்தின் தொலைபேசிக் குறியீடான 021-ஐ இன்ட் ஆக்கினால் முன்பூச்சியம் போய்விடும். பழைய அடையாள அட்டை இலக்கம் 9 இலக்கங்களோடு வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தில் முடியும். புதியதில் 12 இலக்கங்கள். கமக்காரர் பதிவில் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங் ஆக்கினேன்.

தைப்பொங்கலன்று விலைப்பதிவு எதுவும் இல்லை. செயலி மறுபடியும் விழுந்தது. பொருட்பெயர்களைச் சாவியாகக் கொண்ட மேப் வர வேண்டிய இடத்தில் வெற்று லிஸ்ட் (சாவியில்லாத வரிசை) வந்திருந்தது. சேவை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. பிஎச்பியில் இரண்டுமே அரே என்ற ஒரே வகை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அதை வெற்றுச் சதுர அடைப்பாகவே ஜேசனில் எழுதிவிடும். வெற்று லிஸ்ட்டை வெற்று மேப்பாகக் கொள்ளும் சிறு மாற்றி ஒன்றைச் சேர்த்தேன்.

அடுத்த வாரம் அதே ஐயாவிடம் போனேன். பட்டியல் உடனே விரிந்தது. ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திப் பார்த்தவர், "விலை சரி தம்பி. திகதிதான் நேற்றையது" என்றார். அதிகாலை 4.50-க்குப் பதிந்த விலை. சேவை அனுப்பும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் அது முந்திய நாள் இரவு 23.20, நம் நேரம் ஐந்தரை மணி முன்னே நிற்கிறது. சாக்கு மூட்டை ஒன்றின் மேல் மடிக்கணினியை வைத்து, நேரப் புலத்தில், உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் 'டூலோக்கல்' சேர்த்தேன்.