வயர்களை எண்ணிப் பார்த்து வாங்கிய மோட்டார்கள்

பழைய சர்வோ மோட்டார் (எந்த இடத்தில் நிற்கிறது என்று தானே சொல்லும் மோட்டார்) ஒன்று கைக்கு வந்தால், மீட்டரை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வேன். ஷாஃப்ட்டை விரலால் சுற்றிப் பார்ப்பேன். அப்புறம் பவர் வயர்களின் முனைகளை ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சுற்றுவேன். முதலில் லேசாக ஓடிய ஷாஃப்ட், இப்போது கெட்டி எண்ணெயில் முங்கியதுபோலக் கனத்துவிடும். மோட்டார் அந்த நேரத்தில் ஜெனரேட்டராக வேலை செய்கிறது. அது உண்டாக்கும் மின்சாரமே அதைப் பிடித்து இழுக்கிறது. ஒரு சுற்று முழுக்க அந்தக் கனம் சீராக இருந்தால் வைண்டிங்கும் காந்தமும் உயிரோடு இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். மூன்று வயர் உள்ள ஏ.சி. மோட்டார் என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை பார்க்க வேண்டும். மூன்று முறையும் ஒரே கனம் வர வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிய மோட்டார்களே என்னைக் கைவிட்ட கதையும் உண்டு.

'நீ' (knee, டேபிளைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதி) டைப் மில்லிங் மெஷின் ஒன்றை சி.என்.சி. ஆக்கும், அதாவது கம்ப்யூட்டரால் ஓடும்படி மாற்றும் வேலை எங்களிடம் வந்தது. மெஷின் நல்ல மெஷின். வார்ப்பு கனமாக இருந்தது, வழித்தடங்களைத் திரும்ப ஸ்கிரேப் செய்து வைத்திருந்தார்கள், மூன்று அச்சுக்கும் 5 மி.மீ. லீடு (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள பால் ஸ்க்ரூ, அதாவது குண்டுகள் மேல் உருளும் திருகு, ஏற்றியாகிவிட்டது. புது சர்வோ வாங்கக் கையில் பணமில்லை. அதனால் பிரித்துப்போட்ட மெஷின்களிலிருந்து வந்த உபரி மோட்டார்களில் தேடினோம். நான் போய் நேம் பிளேட்டைப் பார்த்துப் பார்த்து, வாட் அதிகமாக உள்ள மூன்று ஏ.சி. மோட்டார்களை எடுத்து வந்தேன். பளபளவென்று இருந்தன. பியரிங்கில் சத்தமே இல்லை. வயர்களை முறுக்கிச் சுற்றினால் மூன்றும் ஒரே கனம்.

எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் மோட்டாரைத் திருப்பி, பின்னால் இருந்த என்கோடரின் (ஷாஃப்ட்டின் சுழற்சியை அளந்து சொல்லும் கருவி) கனெக்டரைப் பார்த்தார். அதில் பயன்பாட்டில் இருந்தது நாலைந்து பின்தான். "தம்பி, இது பேசுற பாஷை தெரிஞ்ச டிரைவ் எங்கே?" என்று கேட்டார். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டிதான் டிரைவ். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த என்கோடர் ஷாஃப்ட் இருக்கும் இடத்தைத் தன் கம்பெனியின் சொந்த சீரியல் முறையில் அனுப்புவது. அதே கம்பெனியின், அதே தலைமுறை டிரைவ் இருந்தால்தான் அதைப் படிக்க முடியும். ஏ.சி. சர்வோவில் ரோட்டரின் காந்தம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று டிரைவுக்குத் தெரியாவிட்டால் எந்த வைண்டிங்குக்குக் கரண்ட் கொடுப்பது என்றே தெரியாது. எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும் அசையாது.

அன்றிலிருந்து நான் மோட்டாரின் பின்பக்கத்தை முதலில் பார்க்கிறேன். டார்க், வாட், எடை எல்லாம் அடுத்தபடிதான். என்கோடர் கேபிளில் வயர்களை எண்ண வேண்டும். ஏ, பி, இசட் என்று மூன்று ஜோடி சிக்னல், அத்தோடு 5 வோல்ட், கிரவுண்ட் என்று எட்டு வயர் இருந்தால் நகர்ந்த அளவை மட்டும் சொல்லும் சாதாரண இன்கிரிமென்டல் என்கோடராக இருக்க வாய்ப்பு அதிகம், டி.சி. மோட்டாருக்கு அதுவே போதும். பதினான்கு வயர் வந்தால் அத்துடன் யு, வி, டபிள்யூ என்று ரோட்டரின் கோணத்தைச் சொல்லும் மூன்று கம்யூட்டேஷன் ஜோடிகளும் இருக்கும், அப்படிப்பட்ட ஏ.சி. மோட்டாரை வேறு கம்பெனி டிரைவ் பலவற்றோடு சேர்த்து ஓட்டிவிடலாம். எலெக்ட்ரானிக்ஸே இல்லாமல் மூன்று ஜோடி காயில் மட்டும் இருந்தால் அது ரிசால்வர், காயில்களாலேயே கோணத்தைச் சொல்வது. சூடு, அதிர்வு இரண்டையும் தாங்கும் அருமையான பொருள், ஆனால் ரிசால்வர் உள்ளீடு உள்ள டிரைவ் வேண்டும். வயர் குறைவாக, உள்ளே சின்ன சர்க்யூட் போர்டும் பேட்டரிக்கு இரண்டு வயரும் இருந்தால், ஜோடி டிரைவைக் கையில் பார்க்காமல் அந்த மோட்டாரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிரிப்பவர்கள் கேபிளை மோட்டாரின் வாயிலேயே வெட்டிவிடுவார்கள். அந்த வட்டக் கனெக்டருக்கு ஜோடி தேடி அலைவது பெரிய வேலை. கேபிளோடு, குறைந்தது அரை மீட்டர் விட்டு வெட்டிக் கொடுக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

சரி, எவ்வளவு பெரிய மோட்டார் தேவை? இரண்டாவது தடவை ஊகத்தை நம்பவில்லை. ஜிப்பை (வழித்தடத்தின் தளர்வைச் சரிசெய்யும் பட்டை) வேலைக்கு வைக்கும் இறுக்கத்தில் வைத்து, ஸ்க்ரூவின் நுனியில் டயல் உள்ள டார்க் ரென்ச்சை மாட்டி டேபிளை நகர்த்தினோம். உராய்வுக்கு மட்டும் 0.8 நியூட்டன் மீட்டர் போனது. அப்புறம் வெட்டும் விசை. 5 மி.மீ. லீடு பால் ஸ்க்ரூவில், 90 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால், 1 நியூட்டன் மீட்டர் டார்க் டேபிளில் ஏறக்குறைய 1130 நியூட்டன் தள்ளும். இதுவே 30 சதவீதத் திறன் உள்ள பழைய சாதா திருகாக இருந்தால் 380-ஐத் தாண்டாது. இந்த அளவு மெஷினில் 2000 நியூட்டன் கிடைத்தால் எனக்குப் போதும். ஆக உராய்வையும் சேர்த்து 2.6 நியூட்டன் மீட்டர் தொடர்ந்து தரும் மோட்டார் வேண்டும். "தொடர்ந்து" என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேம் பிளேட்டில் உச்ச டார்க்கை மட்டும் பார்த்து ஏமாறுவது எளிது. அது சில வினாடிகளுக்கு மட்டும் கிடைப்பது.

கணக்குப் போடும்போது ஒரு விஷயம் என்னை அசர வைத்தது. டேபிள், சாடில், வைஸ் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால் மோட்டார் அதைச் சுற்ற எவ்வளவு பாடுபடும் என்று கவலைப்பட்டேன். 5 மி.மீ. லீடு வழியாகப் பார்க்கும்போது அந்த 100 கிலோவின் இனர்ஷியா (வேகம் மாற்றும்போது காட்டும் எதிர்ப்பு) வெறும் 0.00006 கிலோகிராம் சதுர மீட்டர். 32 மி.மீ. தடிமனும் 1 மீட்டர் நீளமும் உள்ள ஸ்க்ரூவுக்கோ 0.0008. பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! மோட்டார் முடுக்க வேண்டியிருப்பது டேபிளை அல்ல, ஸ்க்ரூவைத்தான். விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப இது ஏறுவதால், 25 மி.மீ. ஸ்க்ரூ போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வந்திருக்கும்.

மோட்டார் தேர்வை இது நேராகப் பாதிக்கிறது. 750 வாட், 3000 ஆர்.பி.எம். உள்ள ஏ.சி. சர்வோ 2.4 நியூட்டன் மீட்டர் தரும், ரோட்டர் சின்னது. அதை நேரடியாக இந்த ஸ்க்ரூவில் கோர்த்தால், சுமை ரோட்டரைவிடப் பல மடங்கு கனமாகி டியூனிங் முரண்டு பிடிக்கும். 2:1 டைமிங் பெல்ட் போட்டால் டார்க் இரட்டிப்பாகி, சுமையின் இனர்ஷியா நான்கில் ஒன்றாகத் தெரியும். பழைய டி.சி. சர்வோவின் ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பகுதி) அப்படியல்ல. பெருத்து, கனத்து, மெதுவாகச் சுற்றும். அதை ஸ்க்ரூவின் நுனியில் நேரே கப்ளிங் போட்டு மாட்டலாம். மில்லிங் மெஷினுக்கு அந்தக் கனமான பழைய மோட்டார்தான் எனக்குப் பிடித்தது.

அப்படித்தான் ஒரே மாதிரி நான்கு டி.சி. மோட்டார்கள் வந்தன. மூன்று அச்சுக்கு நான்கு. உபரியில் வாங்குகிறவர் ஒன்று கூடுதலாக எடுத்துவிட வேண்டும், நாளைக்கு அதே மாடல் கிடைக்காது. நேம் பிளேட் தேய்ந்திருந்தது. ஷாஃப்ட்டை லேத் சக்கில் பிடித்து 500 ஆர்.பி.எம்.மில் ஓட்டி, முனையங்களில் வோல்ட் பார்த்தேன். முதல் மோட்டார் 21 வோல்ட். 500 ஆர்.பி.எம். என்பது வினாடிக்கு 52.4 ரேடியன்; வகுத்தால் 0.4 வருகிறது. அந்த எண்ணேதான் ஒரு ஆம்பியருக்கு இத்தனை நியூட்டன் மீட்டர் என்பதும். 10 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் 4 நியூட்டன் மீட்டர். எங்களுக்குத் தேவையானதைவிட அதிகம். 70 வோல்ட் கொடுத்தால் சுமையோடு 1500 ஆர்.பி.எம். வரும், டேபிள் நிமிடத்துக்கு 7.5 மீட்டர் ஓடும். 50 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை ரெக்டிஃபை செய்தால் அந்த 70 கிடைத்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது மோட்டாரும் 21. நான்காவதில் 17 வோல்ட்தான் வந்தது. மறுபடி ஓட்டினேன், அதே 17. கையால் சுற்றியபோது அது மற்றதைப் போலவேதான் இருந்தது. உற்றுப் பார்த்தால் எண்ட் கவரின் திருகுத் தலைகளில் ஸ்க்ரூடிரைவர் நழுவிய தழும்புகள். யாரோ பிரஷ் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) மாற்றுவதற்காக ஆர்மேச்சரையே வெளியே இழுத்திருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அல்நிக்கோ காந்தம் உள்ள மோட்டாரில் ஆர்மேச்சரை அப்படியே உருவினால் காந்தம் வலுவிழந்துவிடும். அந்த மோட்டார் ஓடும், வேகமாகவே ஓடும். ஆனால் அதே டார்க்குக்குக் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். அதை ஒதுக்கினோம்.

மற்ற மூன்றிலும் பிரஷைக் கழற்றிப் பார்த்தோம். பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரின் மேல் ஒரே சீரான கரும்பழுப்புப் படலம். அதை எமரி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம், அந்தப் படலம் இருப்பதுதான் ஆரோக்கியம். ஒன்றில் கூலன்ட் புகுந்து கார்பன் தூளோடு கலந்து களியாகியிருந்தது. மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்தால் பாடிக்கும் வைண்டிங்குக்கும் இடையே ஒரு மெகா ஓம் கூட இல்லை. சுத்தம் செய்து, இளஞ்சூட்டில் இரண்டு நாள் காய வைத்த பிறகு ஏறி நின்றது.

ஒரு தவறு இன்னும் மனதில் இருக்கிறது. ஒரு ஷாஃப்ட்டில் பழைய புல்லி இறுகியிருந்தது. நான் புல்லர் தேடப் போன இரண்டு நிமிடத்தில், கூட இருந்த பையன் உதவியாக இருக்கட்டும் என்று சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டான். மெல்லிய சத்தம்தான். பின்கவரைத் திறந்தபோது என்கோடரின் கண்ணாடி வட்டு மூன்று துண்டாகக் கிடந்தது. அவன் முகம் வாடிவிட்டது. முன்பே சொல்லாதது என் பிழை. நல்லவேளை, டி.சி. மோட்டார் என்பதால் ஒதுக்கிய நான்காவதின் என்கோடரைக் கழற்றி எந்தக் கோணத்திலும் மாட்ட முடிந்தது. ஏ.சி.யாக இருந்திருந்தால் ரோட்டரோடு கோணம் சேர்க்கும் வேலையும் வந்திருக்கும்.

என்கோடர் 1000 கோடு; நான்கால் பெருக்கினால் சுற்றுக்கு 4000. டேபிளில் ஒரு எண்ணிக்கை 1.25 மைக்ரான். 1500 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 1 லட்சம் துடிப்பு வேண்டும். கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட்டால் அவ்வளவு தர முடியாது என்பதால் தனி கார்டு போட்டோம்.

கடைசிச் சிக்கல் இசட் அச்சில். பழைய திருகு நீயைத் தானே தாங்கி நிற்கும். பால் ஸ்க்ரூ தாங்காது. கரண்ட் போனால் அந்த 'நீ' சரசரவென்று இறங்கிவிடும். கரண்ட் இல்லாதபோது ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள மோட்டார்தான் வேண்டும். மோட்டார்களைத் தேடிய அந்தக் குவியலில், ஷாஃப்ட் அசையாமல் இறுகிப்போனது என்று ஓரமாகப் போட்டிருந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பவர் வயர்களோடு மெல்லிய வயர் இரண்டு கூடுதலாக வந்தன. 24 வோல்ட் கொடுத்ததும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு சுற்றியது. லேத்தில் போட்டால் 21 வோல்ட்.

மாட்டி முடித்து, டேபிளில் டயல் கேஜ் வைத்துப் பவர் போட்டோம். எக்ஸ், ஒய் இரண்டையும் உள்ளங்கையால் தள்ளினால் முள் ஒரு கோடு அசைந்து திரும்பி வந்தது. இசட் மட்டும் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 0.3 மி.மீ. இறங்கி நின்றது. டிரைவ் பிடிப்பதற்கு முன்பே பிரேக் விட்டுவிடுகிறது என்று அண்ணன் உடனே கண்டுகொண்டார். பிரேக் ரிலேக்கு அரை வினாடி தாமதம் வைத்தோம். அடுத்த முறை பவர் போட்டபோது பிரேக்கின் டக்கென்ற சத்தம் கேட்டது. முள் அசையவில்லை.