நடைக்கூடத்தின் கடைசி வீடு

ஜனவரி 9

இந்த மூத்தோர் குடியிருப்புக்கு வந்து இன்றோடு 11 நாட்கள் ஆகின்றன. பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை இருந்தவரை உறைக்காத ஒன்று, அது முடிந்த பிறகு உறைக்கிறது: வந்ததிலிருந்து என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. 36 ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்து, நாளுக்கு நூறு முறை அழைக்கப்பட்டே பழகியவளுக்கு இந்த அமைதி பெரும் பாரமாக இருக்கிறது. மதியம் உணவுக்கூடத்தில் காலியாகத் தெரிந்த நாற்காலியில் உட்காரப் போனபோது, "அங்கே வழக்கமாக ஒருவர் உட்காருவார் அம்மா" என்று பக்கத்திலிருந்த பெரியவர் பணிவாகத்தான் சொன்னார். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உண்பவர்களுக்கு அந்த இடத்தின் மீது உரிமை உண்டு என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் தட்டை ஏந்தியபடி நின்ற அந்த அரை நிமிடம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 17

என் வீடு நடைக்கூடத்தின் கடைசியில் இருக்கிறது. சத்தம் இருக்காது என்று மகன் சொன்னபோது நானும் ஆமோதித்தேன். அது தவறான கணக்கு என்று இப்போது தோன்றுகிறது; என் வாசலைக் கடந்து போக வேண்டிய தேவை இங்கே ஒருவருக்கும் இல்லை.

சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடன் இருவரும் அமெரிக்காவில் ஒரு மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் வெளியிட்ட முடிவு நினைவுக்கு வந்தது. அங்கே அடுத்த வீட்டுக்காரர்களே மிகுதியாக நண்பர்களானார்கள். சில வீடுகள் தள்ளியிருந்தாலே அந்த வாய்ப்பு குறைந்தது. மாடிப்படியின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். ஒத்த மனத்தை நாம் தேடிக்கொண்டிருக்கும்போதே, கால்கள் அன்றாடம் போகும் வழி பாதி முடிவை எடுத்துவிடுகிறது. வீட்டை மாற்ற முடியாது; உட்காரும் இடத்தை மாற்றலாம். நாளை முதல் மாலை நான்கு மணிக்குச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு எதிரே இருக்கும் பெஞ்சுக்குப் போகப் போகிறேன்.

பிப்ரவரி 2

பெஞ்சில் பதினாறு நாட்கள். தலையசைப்புகள் வணக்கமாகியிருக்கின்றன, மூன்று பேர் குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிப்ரவரி 20

இரண்டாம் தளத்து அம்மையாரைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணத்துக்காக வெட்கப்படுகிறேன். உணவுக்கூடத்தில் இரண்டு முறை பேச்சுக் கொடுத்தேன். இரண்டு முறையும் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைக்கனம் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்று அவரே பெஞ்சில் வந்து அமர்ந்து, "அக்கா, அந்தக் கூடத்தில் எனக்கு ஒன்றுமே புரியாது, இங்கே பேசுங்கள்" என்றார்.

தொலைபேசி நிலையத்தில் பல ஆண்டுகள் பிறர் குரல்களை இணைத்துக் கொடுத்தவர் அவர். வயதோடு வரும் செவிக் குறைபாடு, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் பறிக்கிறது. உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் தப்பிவிடுகின்றன. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் பல மங்கிப் போகின்றன. ஆகவே யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. அதோடு பாத்திரச் சத்தமும் நாற்காலி இழுபடும் ஓசையும் சேர்ந்தால், செவிக்கருவி அணிந்திருந்தாலும் திணறத்தான் வேண்டும். உரக்கக் கத்துவது உதவாது என்றார் அவர். எதிரே அமர்ந்து, முகம் வெளிச்சத்தில் இருக்கும்படி, சற்று நிதானமாகப் பேசினால் போதுமாம். இத்தனை வயதில் ஒருவர் என்னிடம் இவ்வளவு நேராக, தமக்கு வேண்டியதைச் சொன்னது மிகவும் பிடித்திருந்தது.

மார்ச் 15

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார். புதிதாக இடம் மாறியவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் ஆராய்ந்ததில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேலும் சேர்ந்து கழிந்திருக்க வேண்டும் என்று தெரிந்ததாம். நாளுக்கு அரை மணி என்றால் 50 மணிக்கு 100 நாட்கள், 200 மணிக்கு 400 நாட்கள். முதலில் மலைப்பாக இருந்தது. பிறகு மனம் ஆறியது: முதல் மாதத்தில் ஒருவரும் நெருங்கவில்லையே என்று நான் என்னையே குறை சொல்லிக்கொண்டது தேவையற்றது.

ஏப்ரல் 6

குடியிருப்போர் கூட்டத்தில் மேலாளர் இரண்டாம் தளத்து விளக்குகளைப் பற்றிக் கேட்டார். அந்தத் தளத்து அம்மையாருக்குக் கேள்வி எட்டவில்லை என்று நினைத்து, நானே அவருக்காகப் பதில் சொன்னேன். வெளியே வந்ததும், "எனக்காக நீங்கள் பேசாதீர்கள் அக்கா, கேள்வியை மறுபடி சொல்லுங்கள், பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். குரல் நடுங்கியது. வகுப்பில் தயங்கி நின்ற பிள்ளைகளின் விடையை இப்படித்தான் நான் பறித்திருப்பேனோ என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11

ஐந்து நாட்களாகப் பெஞ்சுக்கு வராதவர் இன்று வந்தார். மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, புதிரில் எத்தனையாவது கட்டம் என்று கேட்டார்.

ஏப்ரல் 30

நாற்பது ஆண்டுத் தோழி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு என் திருமணமும் தெரியும், என் கணவரின் கடைசி வாரமும் தெரியும். இங்கே யாருக்கும் அவை தெரியா. நானும் இன்னும் சொல்லவில்லை. புதிய நட்பு அவளுடைய இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்தால் இருவருக்குமே அநீதி. ஞாயிறுதோறும் நானே அவளை அழைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

மே 28

கணக்குப்படி எங்களுக்கு இன்னும் 50 மணி நேரம் ஆகவில்லை. இன்று மாலை இரண்டாம் தளத்து அம்மையார் ஒரு சாவியை என் கையில் வைத்தார். அவருடைய வீட்டின் இரண்டாவது சாவி. இரவில் கருவியைக் கழற்றிவிட்டால் கதவை இடித்தாலும் அவருக்குக் கேட்காது. ஏதேனும் ஆபத்தென்றால் நான் திறந்து உள்ளே வந்து எழுப்ப வேண்டுமாம். "முதலில் விளக்கைப் போடுங்கள், பிறகு தோளைத் தொடுங்கள் அக்கா, இருட்டில் தொட்டால் பயந்துவிடுவேன்" என்றார். சாவியை என் கட்டிலுக்குப் பக்கத்தில், கண்ணாடி வைக்கும் தட்டில் வைத்திருக்கிறேன்.