தம்பி சார்

எங்கள் நாளிதழில் தம்பி சாரின் பெயர் ஒரே ஒரு முறைதான் வந்தது. அந்தச் செய்தியை எழுதியவன் நான்.

1984இல் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது இரவுப் பணிக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் 'சார்' என்றுதான் சொல்வோம். வேறு பெயர் தேவைப்படவில்லை. அவருடைய தம்பி சபா நாடகங்களில் நகைச்சுவை நடிகர். பகலில் வங்கி வேலை. மாலையில் ரசிக ரஞ்சனி சபா, வாணி மகால் என்று மேடை. நாடகம் முடிந்ததும் காதோரம் அரிதாரம் கலையாமலே அலுவலகத்துக்கு வந்துவிடுவார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர் எங்கள் எல்லோருக்கும் 'தம்பி சார்'.

வீட்டுச் செய்தி பேப்பரில் வரக் கூடாது என்பது சாரின் கட்டளை. ஒரு நாடகத்துக்கு நான் எழுதிய விமர்சனத்தில் தம்பி சாரைப் பற்றிய நான்கு வரிகளையும் புரூஃபிலேயே சிவப்பு மையால் அடித்துவிட்டார். மற்ற நடிகர்களைப் பற்றி எழுதியது அப்படியே வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் இரவு தம்பி சார் அந்தப் புரூஃபைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அண்ணா படித்துவிட்டுத்தானே அடித்திருக்கிறார்" என்றார். அவர் முகத்தில் இருந்தது நிஜமான சந்தோஷம்.

முதல் பதிப்பு அச்சுக்குப் போனபின் தேநீர் வரும். அப்போதுதான் நெருக்கடி நிலைக் காலத்தைப் பற்றிப் பேசுவார்கள். 1975 ஜூனுக்குப் பிறகு செய்திகள் தணிக்கை அதிகாரியின் பார்வைக்குப் போய் வந்தன. சாரின் பத்திகள் பாதியாகித் திரும்பின. நாடகக்காரர்களுக்கு அதெல்லாம் பழகிய கதை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால், அவர்கள் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கித்தான் மேடையேறினார்கள். சகோதரர்கள் இருவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யாருக்கு எது வெட்டுப்பட்டது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

"வசனத்தை அடிக்கலாம். அது இருந்த இடத்தில் நான் சும்மா நின்றால் யார் அடிப்பது? ஜனங்கள் புரிந்துகொண்டு சிரிப்பார்கள்" என்றார் தம்பி சார்.

சார் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அது இல்லையேடா. போன வரி போனதுதான்."

அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. 2013இல் அந்த நாடகச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, ஓடிப்போய்ச் சொல்ல இருவரும் இல்லை.

1988இல் ஓர் இரவு, ஒன்பது மணிக்குத் தொலைபேசி வந்தது. சார் கேட்டுவிட்டு எழுந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "தம்பி போய்விட்டான். நீ எழுது. ஆறு வரி போதும். நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுநிசியில் அவர் வீட்டிலிருந்து அழைப்பு.

"வயது என்ன போட்டிருக்கிறாய்?"

"51 சார். குழுவில் அப்படித்தான் சொன்னார்கள்."

"53. மேடைக்காக இரண்டைக் குறைத்துக்கொண்டான். சரியாகப் போடு."

திருத்திக்கொண்டேன். "வாசிக்கட்டுமா சார்?" என்றேன். பதில் இல்லை. வாசித்தேன். ஆறு வரிதான். முடித்த பிறகும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை; நானும் வைக்கவில்லை.