வாலைக் கழுத்து ஒருவழியா ஒட்டிட்டு

வாலைன்னா ஆவியக் குளுர வச்சு வடிக்கிற பாத்திரம், அத நானே செஞ்சுகிட்டு இருக்கேன். மூணு தடவ பேந்து வந்த அதோட கழுத்துப் பத்து, அதாவது கம்பிய உருக்கி வச்ச ஒட்டு, நாலாவது தடவ நின்னுட்டு. நேத்து ராத்திரி தண்ணி ஊத்தி, அடியில தீயப் போட்டு, ஒரு மணி நேரம் ஆவி விட்டுப் பாத்தேன், கழுத்தச் சுத்தி ஒரு சொட்டு கசியல. அந்தச் சந்தோசத்துலதான் எழுதுதேன்.

இது ஓமத் தீநீரும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் வடிக்கதுக்கான செம்பு வாலை. சாராயத்துக்கு இல்ல. வீட்டுல அதக் காச்சுறது 1937ஆம் வருச மதுவிலக்குச் சட்டப்படி குத்தம், அதுக்கு யோசனை கேட்டு எங்கிட்ட யாரும் வராண்டாம். எங்க ஆச்சி இருந்தவரைக்கும் வயித்து வலின்னா ஓமத்தண்ணிதான், அந்த வாசனைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

தவலை 12 லிட்டர் பிடிக்கும், டவுன் ரதவீதிப் பக்கம் பழைய சாமானா எடை போட்டு வாங்குனது. மேல் மூடி ஒரு சின்னச் செப்புக் குடத்த அறுத்துக் கவுத்தது. குழாய் ஏசிக்குப் போடுற அரை இஞ்ச் செம்புச் சுருள், காஞ்ச ஆத்து மணல உள்ள இறுக்கி ரெண்டு பக்கமும் அடைச்சு வளைச்சேன், ஒரு இடத்துல கூட நெளியல.

வம்பு பூரா அந்தக் குழாய் மூடியில சேருற கழுத்துலதான். முதல் தடவ சின்ன கேஸ் டார்ச்ச வச்சு பாஸ்காப்பர் கம்பிய (செம்பும் பாஸ்பரசும் கலந்த பத்துக் கம்பி) தொட்டா, கம்பி உருகி உருண்டையா உருண்டு கீழ விழுது, ஒட்டவே மாட்டேங்கு. கம்பி உருக 700 டிகிரிக்கு மேல வேணும், செம்போ இரும்ப விட அஞ்சு மடங்கு வேகமா சூட்டக் கடத்தும், நான் ஒரு இடத்துல தீயக் காட்ட காட்ட அது மூடி பூரா ஓடிப்போயிருது. ரெண்டாவது தடவ தம்பியயும் சேத்துகிட்டு ரெண்டு டார்ச். ஒரு பக்கம் பிடிச்சுது, மறுபக்கம் போறதுக்குள்ள முதல் பக்கம் ஆறி விரிசல் விட்டுட்டு. மூணாவது தடவ புளி போட்டுக் களிம்பெல்லாம் தேச்சு பத்து நல்லா பிடிக்க வெங்காரமும் (போராக்ஸ்) தடவி ஒட்டுனேன், பாக்க அழகா இருந்துச்சு, தண்ணி ஊத்தினா பின்பக்கம் ஊசி ஓட்டையா நாலு இடம்.

அப்பத்தான் புரிஞ்சுது, மூடியில குழாய் நுழையிற ஓட்டைய அரத்தால ராவி ராவி பெருசாக்கிட்டேன். குழாய்க்கும் மூடிக்கும் நடுவுல ஒரு தாள் கனம்தான் இடைவெளி இருக்கணும், அப்பத்தான் உருகுன கம்பி தானா உள்ள இழுபடும். எனக்கு ஒன்றர மில்லிமீட்டர் இருந்துச்சு. இன்னொரு குடம் வாங்க வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவ ஓட்டையச் சின்னதாப் போட்டு விளிம்ப வெளிய தட்டித் தட்டிக் கழுத்து மாதிரி எழுப்புனேன். தட்டத் தட்ட செம்பு விறைச்சு கீறல் விடப் பாக்கும், அப்பப்ப சிவக்கக் காச்சி தண்ணியில முக்கணும். எஃக முக்குனா கெட்டியாவும், செம்பு மெத்துன்னு ஆயிரும். எனக்கு ஆறு தடவ முக்க வேண்டியிருந்துச்சு.

ஒட்டுறதுக்கு எங்க ஊர் கொல்லுப்பட்டறைக்கே தூக்கிட்டுப் போயிட்டேன். பட்டறை அண்ணாச்சி பாத்த உடனே, "ஏல, கழுத்த மட்டும் காச்சுனா எப்பிடி ஒட்டும், ஒடம்பு பூரா சூடாவணும்லா"ன்னு சொன்னாவ. கருவேலங்கரியில மூடிய அப்பிடியே உக்கார வச்சு ஊதுனாவ. பொழுது சாஞ்ச பெறவுதான் ஆரம்பிச்சோம், வெயில்ல செம்பு சிவந்தது கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது கைமீறிப் போயிருக்கும். மங்கலா சிவந்ததும் கம்பியத் தொட்டேன். தோசைக்கல்லுல நெய் ஓடுற மாதிரி சுத்தி ஓடிட்டு. மூணு மாசம் மல்லுக்கட்டுனது முழுசா ஒரு நிமிசம் ஆகல.

ஒண்ணு சொல்லிருதேன். ஒரு கடையில ரேடியேட்டருக்குப் போடுற பத்துக் கம்பியக் குடுத்து, இதுவும் ஈயந்தான், பாத்திரத்துக்குப் பூசுறதில்லையான்னாவ. பாத்திரத்துக்குப் பூசுறது வெள்ளீயம். அந்தக் கம்பியில காரீயம் கலந்திருக்கு, அது விசம். குடிக்கப் போற சாமானுல அது ஒரு பொட்டு கூட படக்கூடாது, பிள்ளைக குடிக்கும்.

தவலைக்கும் மூடிக்கும் நடுவுல இப்பைக்கு கோதுமை மாவப் பிசைஞ்சு அப்பியிருக்கேன். பாளை சித்த மருத்துவக் கல்லூரியில படிக்க எங்க அக்கா மக, சீலைமண் (துணியில களிமண்ணத் தடவிச் சுத்துறது) பண்ணிப் பாருங்க மாமான்னு சொல்லுதா, அதயும் ஒரு தடவ பாக்கணும். வெட்டிவேரும் மனசுல கெடக்கு, ஆனா அது நாள் முழுக்கத் தீ கேக்கும், விறகு செலவ நெனச்சாத்தான் மலைப்பா இருக்கு.

அதுக்கு முன்ன குளிர்விக்கிற தொட்டியே இன்னும் ஆகல, பிளாஸ்டிக் வாளியிலதான் சுருள் கெடக்கு. ஓமத்துக்குத் தொட்டித் தண்ணி ரொம்பக் குளுந்தும் இருக்கக்கூடாதே, ஓம எண்ணெயில இருக்க ஓம உப்பு (தைமால்) 50 டிகிரி வாக்குல உறையிற சாமான், குழாய்க்குள்ள படிஞ்சு அடைச்சுட்டா ஆவிக்குப் போக்கிடம் இல்லாம மூடியத் தூக்கிரும். இன்னைக்கு உள்பக்கத்தக் கழுவ வினிகர் கலந்த தண்ணிய ஒரு வடி விட்டுக் கீழ ஊத்தணும். ஞாயித்துக்கிழம அரைக்கிலோ ஓமம்.