மூன்று மைக், ஒரு கைதட்டல்

ஜனவரி 6

கைதட்டல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, அது ஒவ்வொரு மைக்குக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மைக், இடைவெளி 20 செ.மீ. ஒலி நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்தால், இரண்டும் கேட்கும் நேர வித்தியாசம் மிஞ்சிப்போனால் 583 மைக்ரோநொடி. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில், அதாவது நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்தால், அது 28 சாம்பிள்தான் (ஓர் அளவு ஒரு சாம்பிள்). நேர் எதிரே ஒரு சாம்பிளுக்கு 2 டிகிரி. மைக் வரிசையின் ஓரத்திலோ கடைசி ஒரு சாம்பிளே 15 டிகிரியை விழுங்கிவிடுகிறது. ஓரத்துக் கோணங்களை நம்பக் கூடாது.

ஜனவரி 7

தனித்தனி யூஎஸ்பி மைக்குகள் உதவாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே 12 நொடியில் 600 மைக்ரோநொடி நழுவிவிடும். மேலே சொன்ன 583 அதிலேயே காலி. மாற்றாக ஐஎன்எம்பி 441 என்ற சிறு டிஜிட்டல் மைக் இரண்டு, ஒரே கடிகார வயரில். ஒன்றின் எல்/ஆர் (இடமா வலமா என்று சொல்லும்) பின் கிரவுண்டுக்கு, மற்றதன் பின் 3.3 வோல்ட்டுக்கு. இரண்டையும் கிரவுண்டில் கொடுத்தால் ஒன்றன் மேல் ஒன்று பேசி, தரவு குப்பையாகும்.

ஜனவரி 9

2000 ஹெர்ட்ஸ் விசில் ஏமாற்றுகிறது. அலை 500 மைக்ரோநொடிக்கு ஒருமுறை திரும்ப வருவதால், 400 தாமதமும் எதிர்ப்பக்கத்து 100 தாமதமும் ஒன்றுபோலவே தெரியும்: 43 டிகிரியா, மறுபக்கம் 10 டிகிரியா? இந்த இடைவெளிக்கு 857 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒற்றைச் சுருதி எதுவும் இந்தச் சிக்கலில் மாட்டலாம். கைதட்டலில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருப்பதால், ஒரு பதிவை மற்றதன் மேல் நகர்த்திப் பொருத்திப் பார்க்கும்போது பொருத்தத்தின் உச்சம் ஒன்றே ஒன்றாக எழும்பும்.

ஜனவரி 10

இரண்டு பதிவுகளும் எந்தத் தாமதத்தில் பொருந்துகின்றன என்று கணக்கிட ஜிசிசி-ஃபாட் முறை. 1024 சாம்பிள், பூஜ்யம் சேர்த்து 2048. தேடல் ±29 சாம்பிளுக்குள் மட்டும். இம்முறை எல்லா அதிர்வெண்ணுக்கும் சம மதிப்புத் தருவதால் வெறும் இரைச்சலும் ஓட்டுப் போடுகிறது. 300 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை வெட்டியதும் உச்சம் கூர்மையானது. மேசையில் பட்டுத் திரும்பும் ஒலி இன்னொரு போலி உச்சம் தரும். மைக்குகளுக்கு அடியில் தடித்த துணி போதும்.

ஜனவரி 13

இரண்டு மைக்குக்கு முன்னும் பின்னும் ஒன்றே. மூன்றாவதை 20 செ.மீ. சமபக்க முக்கோணமாக வைத்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்தது. மேலா கீழா என்பது தீரவில்லை, அதற்குத் தளத்துக்கு வெளியே நான்காவது வேண்டும். கடிகாரம் அதேதான், தரவு வயர் மட்டும் புதிது. மூன்று ஜோடித் தாமதங்களையும் சுற்றிக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இரண்டு சாம்பிளுக்கு மேல் தப்பினால் அந்த அளவைத் தூக்கிப் போடு. எனக்குப் பிடித்த சோதனை இதுதான், செலவே இல்லை.

ஜனவரி 14

தூரம் மட்டும் கிடைக்காது. 3 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் இந்த முக்கோணத்தில் ஒரு சாம்பிளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு முக்கோணம் வைத்து, இரண்டு திசைக் கோடுகளும் வெட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும்.