சொர்பாராவில் ஒரு திராட்சைக் கொத்து

இத்தாலியின் மோதெனா நகரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சொர்பாரா வந்துவிடும். மலை, குன்று எதுவும் கிடையாது. செக்கியா, பனாரோ என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவே பரந்து கிடக்கிற வண்டல் சமவெளி. நுரைக்கும் சிவப்பு ஒயினான லாம்ப்ருஸ்கோவுக்காகவே செப்டம்பர் முதல் வாரத்தில் போயிருந்தேன், அறுவடை தொடங்கும் நேரம்.

தோட்டக்காரர் இலையை விலக்கி ஒரு கொத்தைக் காட்டினார். அங்கங்கே பல் விழுந்த மாதிரி இடைவெளி, திரண்டு கறுத்த நாலு பழத்துக்கு நடுவே மிளகு அளவில் பச்சையாகவே நின்றுபோன பிஞ்சுகள். ஏதாவது நோயா என்று கேட்டேன். இல்லையாம், சொர்பாரா ரகமே அப்படித்தான்: அதன் பூவில் இருக்கும் மகரந்தம் மலட்டு மகரந்தம், தானாகக் காய் பிடிக்காது, அதனால் பக்கத்திலேயே சலமினோ ரகத்தை நட்டு வைக்கிறார்கள். சலமினோ என்றால் குட்டி சலாமி. அதன் கொத்து நீளமாக, இறுக்கமாக இருக்கும்.

இந்த ஒயினுக்கு 1970-லேயே டிஓசி என்ற இத்தாலியப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. லேபிளில் ‘லாம்ப்ருஸ்கோ தி சொர்பாரா’ என்று போடக் குறைந்தது 60 சதவீதம் சொர்பாரா திராட்சை வேண்டும், சலமினோ 40 சதவீதம் வரை சேரலாம். தெற்கே காஸ்தெல்வெத்ரோ ஊரின் கிராஸ்பரோஸ்ஸா என்ற இன்னொரு லாம்ப்ருஸ்கோவில் அந்த ரகமே 85 சதவீதம் வேண்டும் என்று படித்திருந்ததால், இங்கே ஏன் இவ்வளவு தாராளம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்த வரிசைகளுக்கு நடுவே நின்றபோது சந்தேகம் போய்விட்டது. சலமினோ துணைக்கு இல்லாவிட்டால் சொர்பாரா காய்ப்பதே கஷ்டம்!

அப்புறம் நுரை. வெளியிலிருந்து வாயுவை ஏற்றக் கூடாது, ஒயின் இரண்டாவது முறை நொதிக்கும்போது தானாக வர வேண்டும். பெரும்பாலும் மூடிய எஃகுத் தொட்டியில் செய்கிறார்கள், சிலர் பாட்டிலுக்குள்ளேயே. ஃப்ரிஸ்ஸாந்தே என்கிற மென்நுரை வகையில் அழுத்தம் 2.5 பாரைத் தாண்டக் கூடாது, ஏறக்குறைய கார் டயரில் இருக்கிற அளவு.

பாட்டிலில் நொதித்ததைத்தான் எனக்கு ஊற்றினார். சிவப்பு என்பதைவிட மாதுளம்பூ வெளுத்த நிறம், இனிப்பே இல்லை, நாக்கின் ஓரம் கூசுகிற புளிப்பு. கூடவே பன்றிக் கொழுப்பில் பொரித்துப் பூரி மாதிரி உப்பிய ஞோக்கோ ஃப்ரித்தோ, அதன் மேல் மெல்லிசாகச் சீவிய மொர்தடெல்லா என்ற பன்றி இறைச்சி சாசேஜ். ஒரு வாய் கொழுப்பு, ஒரு மடக்கு ஒயின் என்று சாப்பிட்டபோது அந்தப் புளிப்பு எவ்வளவு தேவை என்று தெரிந்தது. முதல் கிளாஸ் தெளிவாக வந்தது, கடைசி கிளாஸ் அடியில் தங்கிய மண்டியோடு கலங்கலாக. எனக்குப் பிடித்தது அந்தக் கலங்கல்தான்.